பாட்டியின் இசைத்தட்டுகள் – கடிதம்

அன்புள்ள சார்,

கிராமஃபோன் வரலாறு பற்றிய உங்கள் கட்டுரையில் ஒரு வரி வருகிறது. 1902 நவம்பரில் கல்கத்தாவில் பாடகி கௌஹர் ஜானைப் பதிவு செய்த ஒலிப்பதிவாளர் ஃப்ரெட் கெய்ஸ்பெர்க்தான் மூன்று வருடம் கழித்து வேல்ஸுக்குப் போய் அடெலினா பாட்டியையும் பதிவு செய்தார் என்று எழுதியிருந்தீர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் மிகப் பெரிய ஓபரா பாடகிகளில் ஒருவர் என்றும் சொல்லியிருந்தீர்கள். யூடியூபில் தேடிக் கேட்டேன். உண்மையைச் சொன்னால் சிரிப்புத்தான் வந்தது. பெயருக்கேற்ற குரல். நடுங்குகிறது, மூச்சு வாங்குகிறது, உச்சிக்குப் போகும்போது விசில் அடிக்கிறது. பின்னால் கேட்கும் பியானோ பியானோவாகவே இல்லை. இரைச்சல் நீக்கிய பதிப்பு ஒன்றும் கிடைத்தது, அது இன்னும் மோசம். இன்னொரு ஓபரா பாடகி நெல்லி மெல்பாவின் 1904 பதிவுகள் இதைவிட எவ்வளவோ மேல். நான் மரியா காலஸை விரும்பிக் கேட்பவன், ஓபரா எனக்குப் புதிதல்ல. பழையது என்பதற்காகவே தலையில் தூக்கி வைத்துக்கொள்கிறோமா? இல்லை, கேட்க வேண்டிய விதம் என்று ஏதாவது இருக்கிறதா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பெயரை வைத்துச் செய்யும் கேலியைத் தமிழில் யாரும் தவிர்க்க முடியாது, விடுங்கள். ஆனால் நீங்கள் கேட்டது நிஜமாகவே வயதான குரல்தான். பாட்டி 1843 பிப்ரவரியில் மாட்ரிட்டில் பிறந்தவர். கெய்ஸ்பெர்க்கும் அவர் தம்பியும் கருவிகளைத் தூக்கிக்கொண்டு வேல்ஸில் உள்ள பாட்டியின் க்ரெய்க்-இ-நோஸ் மாளிகைக்குப் போனது 1905 டிசம்பரில். அப்போது அவருக்கு வயது 62. மறுபடியும் 1906 ஜூனில் பதிவு நடந்தது. 16 வயதில் நியூயார்க்கில் லூசியா என்ற ஓபரா நாயகியாக மேடையேறி, 1861இல் லண்டன் கோவன்ட் கார்டனில் பெல்லினியின் சொன்னாம்புலா என்ற ஓபராவில் அறிமுகமாகி, அதற்குப் பிறகு நாற்பது வருடத்துக்கு மேல் பாடித் தீர்த்த குரலின் மிச்சம்தான் அந்தத் தட்டுகளில் இருப்பது. ஒலிப்பதிவின் வரலாற்றில் அவை ஆரம்பகாலப் பதிவுகள். அவருடைய வாழ்க்கையிலோ கடைசிக்காலப் பதிவுகள். இதைச் சொல்லாமல் 'மகத்தான பாடகி' என்று மட்டும் எழுதியதால் நீங்கள் வேறு எதையோ எதிர்பார்த்துப் போயிருக்கிறீர்கள்.

அவரைப் பற்றிய கதைகளும் இதற்கு உதவுவதில்லை. அமெரிக்காவில் ஒரு இரவுக்கு 5000 டாலர், அதுவும் திரை உயரும் முன் கையில் வர வேண்டும். பணம் கொஞ்சம் குறைந்த ஒரு நாளில், ஒரு காலில் மட்டும் செருப்பை மாட்டிக்கொண்டு மீதி வந்த பிறகே அடுத்ததை மாட்டினார் என்று அவருடைய ஓபரா மேலாளர் மேப்பிள்சன் எழுதி வைத்திருக்கிறார். படிக்கச் சுவையாக இருக்கும். பாட்டைப் பற்றி அதில் ஒன்றுமில்லை.

பதிவு நடந்த அறையைப் பற்றிக் கெய்ஸ்பெர்க் எழுதியிருப்பதுதான் நமக்கு வேண்டியது. மாளிகையின் இரண்டு படுக்கையறைகளை ஒழித்துக் கொடுத்திருக்கிறார்கள். இயந்திரம் ஒரு பக்கம், பாடகி மறுபக்கம், நடுவில் மறைப்பு. அதில் ஒரு ஓட்டை, ஓட்டை வழியாக நீட்டிக்கொண்டிருக்கும் புனல். மைக் கிடையாது. அது வர இன்னும் இருபது வருடம் இருக்கிறது. குரலின் விசை மட்டுமே புனலுக்குள் போய் ஒரு மெல்லிய தகட்டை அதிரவைத்து, ஊசியை அசைத்து, சுழலும் மெழுகில் கோடு கிழிக்க வேண்டும். பியானோவைப் பெட்டிகள்மேல் ஏற்றிப் புனலுக்கு நேராக வைத்திருந்தார்கள். உள்ளே வந்த பாட்டி சின்னப் பெண்ணைப்போல மறைப்பைத் தூக்கி அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாராம். உச்சஸ்தாயியில் ஓங்கி எடுக்கும் சுரம் வரும்போதெல்லாம் கெய்ஸ்பெர்க் அவரைப் பிடித்துப் பின்னால் இழுப்பார். இழுக்காவிட்டால் ஊசி தாறுமாறாகக் கிழித்துவிடும். ராஜாக்கள் எழுந்து நின்று வரவேற்ற அம்மையாரின் தோளில் கைவைத்து இழுப்பதென்றால்! முதலில் ரொம்பக் கோபப்பட்டிருக்கிறார். தட்டைக் கேட்ட பிறகு மன்னித்துவிட்டார்.

இப்போது உங்கள் விசில் பிரச்சினைக்கு வருகிறேன். அந்தப் புனல் சுமார் 2000 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ளதை அநேகமாகப் பிடிக்காது. ஒரு குரலை இன்னாருடையது என்று நமக்குக் காட்டிக்கொடுப்பது அடிப்படைச் சுரம் மட்டுமல்ல, அதோடு சேர்ந்து ஒலிக்கும் மடங்கு அதிர்வுகளும்தான். 220 ஹெர்ட்ஸில் பாடினால் 440, 660 என்று 1980 வரை ஒன்பது அடுக்குகள் புனலுக்குள் போகும். அதே பாடகி 880க்கு ஏறினால் 880, 1760 என்று இரண்டே அடுக்குகள். மிச்சமெல்லாம் வெளியே நின்றுவிடும். எனவே அந்தக் காலத் தட்டுகளில் ஆண் குரல் ஓரளவு முழுதாகக் கிடைக்கிறது. ஓபரா பாடகர் கரூஸோவுக்கு அடித்த அதிர்ஷ்டம் அது. சொப்ரானோக்களின் (உச்சக் குரல் பாடகிகளின்) மேல்ஸ்தாயி மட்டும் உள்ளீடு இல்லாமல் ஊளையிடுகிறது. பாட்டியின் கீழ், மத்தியச் சுரங்களை மட்டும் கவனித்துப் பாருங்கள். அங்கே உடம்புள்ள ஒரு குரல் இருக்கிறது.

நடுக்கத்துக்கு வயது ஒரு காரணம், தட்டின் வேகம் இன்னொரு காரணம். நிமிடத்துக்கு 78 சுழற்சி என்பது பின்னால் வந்த ஒழுங்கு. அன்றைய தட்டுகள் எழுபதிலிருந்து எண்பது வரை எந்த வேகத்திலும் பதிவாகியிருக்கலாம். 73, 74இல் பதிவானதை 78இல் ஓட்டினால் சுருதி ஏறக்குறைய ஒரு சுரஸ்தானம் ஏறிவிடும், குரலின் இயல்பான அசைவும் அதே அளவுக்கு வேகமெடுக்கும். யூடியூபில் கிடைப்பவற்றில் சில இப்படி ஓட்டியவையாக இருக்கலாம். பழைய தட்டுகளைச் சுருதி சரிபார்த்து மாற்றித் தரும் வார்ட் மார்ஸ்டனின் தொகுப்பு கிடைத்தால் அதைக் கேளுங்கள். இரைச்சல் நீக்கியதைத் தொடவே தொடாதீர்கள். இரைச்சலும் குரலும் ஒரே இடத்தில் கலந்து கிடக்கின்றன. கல் பொறுக்குகிறேன் என்று முறத்தில் இருக்கிற அரிசியையும் சேர்த்துக் கொட்டிவிடுகிறார்கள். பத்து நிமிடம் பொறுத்தால் காது தானாகவே இரைச்சலைத் தள்ளிவிடும்.

இவ்வளவு சிரமப்பட்டுக் கேட்டால் என்ன கிடைக்கும்? நாதம் கிடைக்காது. காலம் கிடைக்கும். பாட்டை எங்கே நிறுத்துவது, எங்கே நழுவவிடுவது, பக்கவாத்தியத்தை எங்கே காக்கவைப்பது என்ற கணக்கைச் சொல்கிறேன். இந்தக் கணக்குக் காதில் விழ அந்த மடங்கு அதிர்வுகள் தேவையில்லை. புனல் இதை அப்படியே பிடித்துக்கொண்டது. 1868இல் இசையமைப்பாளர் ரோசினியின் இறுதிச் சடங்கில் பாடகி அல்போனியோடு சேர்ந்து பாடியவர் பாட்டி. அந்தத் தலைமுறை எப்படிப் பாடியது என்பதற்குப் புத்தகங்களில் எத்தனையோ வர்ணனை இருக்கிறது. காதால் கேட்கக்கூடிய சாட்சியம் விரல்விட்டு எண்ணும் அளவுதான்.

நீங்கள் கேட்டது பாட்டி பாடிய மோட்சார்ட் பாட்டுகள் என்று நினைக்கிறேன். 'வோய் கே சபேத்தே', 'பத்தி பத்தி' இரண்டும்தான் தேடியவுடன் முன்னால் வந்து நிற்கும். இரண்டுமே எனக்கு உவப்பானவை அல்ல. அவசரம், தடுமாற்றம், நீங்கள் சொன்ன அதே மூச்சு. முதலில் லொத்தி என்ற இசையமைப்பாளரின் 'புர் திசெஸ்தி'யைக் கேளுங்கள். ட்ரில் என்பதை, அதாவது அடுத்தடுத்த இரண்டு சுரங்களை வேகமாக மாற்றி மாற்றிப் பாடுவதை, இன்றைய பாடகிகளில் பலர் பொத்தாம்பொதுவான ஒரு உதறலாகப் பாடுகிறார்கள். இங்கே இரண்டு சுரங்களும் தனித்தனியாகக் காதில் விழும், 62 வயதில்.

அடுத்தது 1906இன் 'ஆ, நோன் க்ரெதெயா மிரார்த்தி'. சொன்னாம்புலாவில் தூக்கத்தில் நடக்கும் அமீனா, காதலன் கொடுத்து வாடிப்போன பூக்களைப் பார்த்து, இவ்வளவு சீக்கிரம் வாடுவாய் என்று நினைக்கவில்லையே என்று பாடும் இடம். 33 வயதில் இறந்த பெல்லினியின் கல்லறையில், கத்தானியாவில், இந்த வரியைத்தான் பொறித்திருக்கிறார்கள். பாட்டி ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்குத் தாவுவதில்லை, வழுக்கிக்கொண்டு இறங்குகிறார். நமக்குப் பழக்கமான ஜாருவாகவே அது கேட்கும். பிறகு வந்த தலைமுறை இதை மோசமான ரசனை என்று ஒதுக்கிவிட்டது. எனக்கு அந்தத் தீர்ப்பில் உடன்பாடில்லை. எல்லாச் சுரத்துக்கும் அவர் இப்படிச் செய்வதில்லை, எந்தச் சொல் கனக்கிறதோ அதற்குள் இறங்கும்போது மட்டும்தான்.

மெல்பா பற்றி நீங்கள் சொன்னது சரியே. 1904இல் அவருக்கு நாற்பத்திரண்டு, நாற்பத்து மூன்று வயதுதான். குரல் முத்தாக இருக்கிறது. ஆனால் பார்த்துப் பாடியதைப்போல நேராகப் பாடுகிறார், எனக்கு மூன்றாவது தட்டிலேயே சலித்துவிடும். இது என் காது, உங்களுக்கு அப்படி இருக்க வேண்டியதில்லை.

மனம் தளர்ந்தால் 'லா கலேசெரா' என்ற ஸ்பானியப் பாட்டைப் போடுங்கள். 63 வயதுக்காரி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அவ்வளவு கும்மாளம்.

காலஸ் பிரியர் என்பதால் ஒரு யோசனை. காலஸ் 1957இல் மிலானின் லா ஸ்காலா ஓபரா குழுவோடு, வோத்தோ ஆர்கெஸ்ட்ராவை நடத்த, சொன்னாம்புலாவை முழுதாகப் பதிவு செய்திருக்கிறார். அதில் 'ஆ, நோன் க்ரெதெயா'வை எடுத்துப் பாட்டியின் தட்டோடு அடுத்தடுத்து இரண்டு மூன்று முறை கேளுங்கள். காலஸ் ஒவ்வொரு சொல்லையும் துயரத்தில் தோய்த்துத்தான் தருகிறார். ஆனால் அவரைச் சுற்றி ஒரு ஆர்கெஸ்ட்ரா நகர்ந்துகொண்டிருக்கிறது, அதற்குள்தான் அவர் இடம் தேட வேண்டும். பாட்டிக்குப் பியானோ வாசித்தது அண்ணன் மகன் அல்ஃப்ரெடோ பாரிலி. அத்தை எப்போது அடுத்த சுரத்தைத் தொடுகிறாளோ அப்போதுதான் அவர் கை இறங்குகிறது. எந்த இடங்களில் அவரைக் காக்கவைக்கிறார் என்று குறித்துக்கொண்டு, அதே இடங்களில் காலஸ் என்ன செய்கிறார் என்று பார்த்து எழுதுங்கள். அதைப் பேசலாம்.