கேவிட்டி சுவரில் ஓதம்: வாசலுக்கு வந்தவரிடம் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: வேல்ஸில், சுவான்சி பக்கம் 1950களில் கட்டிய செமி-டிடாச்ட் வீடு ஒன்றை 2021இல் வாங்கினோம். எங்களுக்கு விற்றவர் 2013 நவம்பரில், வீடுகளில் ஆற்றல் சேமிப்பதற்கான அரசின் ஈகோ திட்டத்தில், செலவில்லாமல் கேவிட்டி வால் இன்சுலேஷன் (வெளிச்சுவரின் இரு அடுக்குகளுக்கு நடுவே உள்ள இடைவெளியில் குளிரைத் தடுக்கப் பஞ்சு அடைப்பது) போட்டிருக்கிறார். கடந்த குளிர்காலத்தில் கடலைப் பார்த்த படுக்கையறைச் சுவரில் ஓதம் ஏறி, அலமாரிக்குப் பின்னால் கறுப்பாகப் பூசணம் பிடித்துவிட்டது. வேலை செய்த கம்பெனியை மூடிவிட்டார்கள். 'நோ வின் நோ ஃபீ'யில் இழப்பீடு வாங்கித் தருவதாக ஒருவர் வீட்டுக்கே வந்து படிவத்தை நீட்டுகிறார். போடலாமா?

பதில்: போடாதீர்கள். வழக்கே வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த ஆளிடம் போடாதீர்கள் என்கிறேன். சொலிசிட்டர்கள், அதாவது இங்கே வழக்கை எடுத்து நடத்தும் வக்கீல்கள், கதவைத் தட்டி ஆள் பிடிக்கக் கூடாது என்று அவர்களுடைய ஒழுங்கு விதியிலேயே இருக்கிறது. வந்தவர் பெரும்பாலும் இடையில் கமிஷன் பார்ப்பவராகத்தான் இருப்பார்.

'ஜெயிக்காவிட்டால் கட்டணம் இல்லை' என்பது உங்கள் வக்கீல் கட்டணத்துக்கு மட்டும்தான். தோற்றால் எதிர்த்தரப்பின் செலவை நீங்கள்தான் தர வேண்டும். உடற்காய வழக்குகளில் வாதிக்கு இதில் ஒரு பாதுகாப்பு உண்டு. சுவர் கெட்டுப்போன வழக்கில் அது கிடையாது. "அதற்குத்தான் இன்ஷூரன்ஸ் எடுக்கிறோமே" என்பார்கள். 2024 ஜனவரியில் ஷெஃபீல்டில் ஒரு சட்ட நிறுவனம் கடனில் மூழ்கி, திவாலான கம்பெனிகளைக் கவனிக்கும் நிர்வாகிகளின் கைக்குப் போனது. இதே கேவிட்டி வால் வழக்குகளை மொத்தமாகப் பிடித்து நடத்திய நிறுவனம். இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் கையை விரித்துவிட, பல்லாயிரம் பவுண்டு கேட்டுக் கடிதம் வந்தது அந்தக் கட்சிக்காரர்கள் வீட்டுக்கு. ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்ட வாசகர்கள் யாராவது இதைப் படித்தால்: வீட்டில் வைத்துப் போட்ட ஒப்பந்தத்தைப் பொதுவாக 14 நாளுக்குள் ரத்து செய்யலாம், எழுத்தில் செய்யுங்கள்.

சரி, உங்கள் கையில் என்ன இருக்கிறது? முதலில் தேட வேண்டியது காரண்டிப் பத்திரம். அந்தத் திட்டங்களில் போட்ட வேலைகளில் பெரும்பாலானவற்றுக்கு சிகா என்கிற கேவிட்டி இன்சுலேஷன் காரண்டி ஏஜென்சி 25 வருட உத்தரவாதம் தந்திருக்கிறது. அது வீட்டோடு சேர்ந்தது. வீடு கைமாறினால் புது உரிமையாளருக்கு வந்துவிடும். உங்களுடையது என்றால் 2038 வரை ஓடும். போட்ட கம்பெனி இல்லாமல் போனால் சிகாவிடம் நேராகக் கேட்கலாம். பத்திரம் காணவில்லையா, வீட்டு முகவரியைச் சொல்லி விசாரியுங்கள்.

அவர்கள் தரும் முதல் பதிலை இப்போதே சொல்லிவிடுகிறேன்: "வீட்டைச் சரியாகப் பராமரிக்கவில்லை." பராமரிப்புக் குறைவால் வரும் சேதத்துக்கு அந்த காரண்டி பொறுப்பேற்காது. ஆகவே கடிதம் எழுதும் முன் சுவரைப் போய்ப் பாருங்கள். கட்டர் (கூரை ஓரத்து மழைநீர்த் தொட்டி) அடைத்து வழிகிறதா? செங்கல் மூட்டுகளில் கலவை உதிர்ந்திருக்கிறதா? துளை போட்டு இன்சுலேஷனை ஊதிய இடங்கள் இரண்டு பென்ஸ் நாணயம் அளவில், வேறு நிறக் கலவையோடு தெரியும். அந்த அடைப்பு எங்காவது உதிர்ந்து விழுந்திருக்கிறதா? எல்லாவற்றையும் தேதியோடு படம் எடுங்கள். கட்டரைச் சுத்தம் செய்ததற்கான ரசீது ஒன்று இருந்தால் அது இங்கே பொன்.

அடுத்தது ஒரு சுயேச்சையான சர்வேயர். "இலவசமாகப் பார்த்துத் தருகிறோம்" என்று வரும், பஞ்சை உருவியெடுத்துக் காசு பார்க்கும் கம்பெனி அல்ல. அலமாரிக்குப் பின்னால் மட்டும் பூசணம் என்றால் அது வீட்டுக்குள்ளிருக்கும் ஈரக்காற்று குளிர்ந்த சுவரில் படிவதாகவும் இருக்கலாம். நாம் வீட்டுக்குள் துணி உலர்த்துகிறோம், மணிக்கணக்கில் சோறு குழம்பு கொதிக்கிறது. அப்படியானால் வழக்கு பலவீனம். மாறாக, சிறு துளையில் கேமரா விட்டுப் பார்த்து, இரு செங்கல் அடுக்குக்கு நடுவே பஞ்சு நனைந்து சரிந்து கிடக்கிறது என்றோ, கட்டும்போது விழுந்த சாந்துக் கட்டிகளின் வழியாக மழைநீர் உள்ளே கடக்கிறது என்றோ அறிக்கை வந்தால் கதை வேறு. காற்றோடு அறையும் மழையை வைத்து நாட்டை நான்கு மண்டலமாகப் பிரித்திருக்கிறார்கள். தென்மேற்கு வேல்ஸ் கடற்கரை அதில் கடுமையான பக்கம். இருக்கிற சுவருக்குள் இன்சுலேஷன் அடைப்பது கட்டட விதிகளுக்கு உட்பட்ட வேலை. ஈரம் உள்ளே வராமல் பார்ப்பதும் அந்த விதிகளில் ஒன்று. அப்படிப்பட்ட சுவரை முதலில் ஆராயாமல் அடைத்தது ஏன் என்பதுதான் உங்கள் கேள்வி.

சிகா மறுத்தால் அவர்களின் புகார் முறை, அதன்பின் சுயேச்சையான தகராறுத் தீர்வு. நீதிமன்றம் அதற்கப்புறம்தான்.

நீதிமன்றம் என்றால் காலக்கெடு முக்கியம். ஒப்பந்தம் உங்களோடு அல்ல, விற்றவரோடு. அந்த வழி மூடிவிட்டது. கவனக்குறைவு என்று வழக்காடினால், 1980ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டப்படி மறைந்திருந்த சேதத்தை அறிந்த நாளிலிருந்து மூன்று வருடம் கிடைக்கலாம். ஆனால் தவறு நடந்து 15 வருடம் ஆனதும் கதவு அடைபடும். உங்களுக்கு அது 2028 நவம்பர். சேதம் உங்களுக்கு முந்தையது என்றாலும், பின்னால் வாங்கியவருக்கு உரிமை தரும் சட்டம் 1986இல் வந்திருக்கிறது. ஒரு நிபந்தனை: விற்றவருக்கு அந்தச் சேதம் தெரிந்திருக்கக் கூடாது.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். "விற்கும் முன் பெயின்ட் அடித்து மறைத்துவிட்டார்" என்று கோபத்தில் எல்லாருக்கும் எழுதிவிடுவார்கள். அது உண்மையானால், விற்பனைப் படிவத்தில் பொய் சொன்னார் என்று விற்றவர்மேல் வழக்குண்டு. அதே உண்மை கம்பெனிக்கு எதிரான உங்கள் வழக்கைக் கவிழ்க்கும். இரண்டும் ஒன்றையொன்று வெட்டும். தெரிந்ததை மட்டும் எழுதுங்கள், ஊகத்தை எழுதாதீர்கள். விற்பனை நேரத்துக் கோப்பை உங்கள் கன்வேயன்சரிடம் (வீடு வாங்கும் சட்ட வேலையைச் செய்து தந்தவரிடம்) கேட்டு வாங்குங்கள், வாங்கும்போது எடுத்த சர்வே அறிக்கையோடு.

கம்பெனி மூடியதால் வழக்கு செத்துவிடாது. 2010ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் கீழ், மூடிய கம்பெனிக்கு இன்ஷூரன்ஸ் தந்தவர்மேலேயே வழக்குப் போடலாம். ஆனால் மோசமான வேலையைத் திருத்தும் செலவை அந்த பாலிசிகள் பல விலக்கியிருக்கும். பாலிசியைப் பார்க்காமல் இதில் ஒரு பவுண்டு செலவழிக்க வேண்டாம். கோரும் தொகை 10,000 பவுண்டுக்குள் என்றால் சிறு வழக்குப் பிரிவு. அங்கே தோற்றாலும் எதிர்த்தரப்பின் வக்கீல் செலவு பொதுவாக உங்கள் தலையில் விழாது. பஞ்சை எடுத்துப் பூச்சு சரிசெய்யும் செலவு பல வீடுகளில் இந்த வரம்புக்குள்ளேயே முடிந்துவிடும்.

கடைசியாக, உங்கள் வீட்டு இன்ஷூரன்ஸ் பாலிசியை எடுத்து 'லீகல் கவர்' என்ற பக்கத்தைப் படியுங்கள். மெதுவாக ஏறிய ஓதத்துக்கு அந்த பாலிசி பணம் தராது. ஆனால் வருடத்துக்குச் சில பவுண்டு கூடுதலாகக் கட்டி வழக்குச் செலவுக்கான பாதுகாப்பையும் பலர் வாங்கி வைத்திருக்கிறார்கள், வாங்கியதே மறந்துபோய்.