கடிதம்: புள்ளி வைக்காத எழுத்து

பிலிப்பைன்ஸின் மிண்டோரோ தீவில் வாழும் ஹனுனோ மங்யான் பழங்குடி மக்களைப் பற்றி ஒரு வாசகர் எழுதியிருந்தார். "அசையின் ஈற்று மெய்யையே எழுதாத குறைபட்ட எழுத்து அவர்களுடையது. ரோமன் எழுத்துக்கு மாறினால்தானே அந்தச் சின்ன மொழி பிழைக்கும்? அந்த எழுத்து பல்லவர் காலத்தில் நம்மிடமிருந்து போனதாமே?"

அன்புள்ள நண்பருக்கு,

தென்னிந்திய எழுத்தின் வழியில், ஜாவாவின் 'கவி' என்ற பழைய எழுத்தைத் தாண்டி அங்கே போனது என்பார்கள். இருக்கட்டும். காப்பாற்றி வைத்திருப்பவர்கள் அவர்கள். நீங்கள் மார்தட்ட அதில் ஒன்றுமில்லை. ரோமனிலும் எழுதத்தான் செய்கிறார்கள்.

ஆனால் 'குறைபட்ட' என்று எப்படி உங்களுக்கு எழுத மனம் வந்தது? ஒரு வாரமாக என் தாத்தாவின் வைத்திய ஏட்டை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஒரு புள்ளி கிடையாது. எழுத்தாணியால் குத்தினால் ஓலை கிழியும். 'மருந்து' என்பது 'மருநது' என்று கிடக்கிறது. காலும் ரகரமும் ஒரே கோடு. தாத்தா ஓலையைச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, வரியை முதலில் ராகமாக முனகுவார். ஓசை பிடிபட்டதும் சொல் வந்து விழும். அவரிடம் போய்க் குறைபட்ட எழுத்து என்று சொல்லியிருப்பீர்களா?

மிண்டோரோவிலும் அதேதான். மூங்கிலில் கத்திமுனையால் அ, ப, ஹ என்று மூன்றே எழுத்தைக் கீறுவார்கள். படிப்பவர் 'அம்பஹன்' என்பார். அம்பஹன் அவர்களுடைய பாட்டு. அடிக்கு ஏழு அசை, அடியின் கடைசியில் இயைபு. அசைக்கணக்கு வாயில் இருக்கிறது, இயைபு காதில் இருக்கிறது. அப்புறம் ஈற்று மெய் எங்கே தொலைந்துபோகும்? வெளியாள் தடுமாறுவான், சரி. அவனுக்காகவா எழுதினார்கள்? பிடித்த பெண்ணுக்குப் பாட்டெழுதவே பையன்கள் இந்த எழுத்தைக் கற்றார்கள். அங்கே தங்கி ஆராய்ந்த ஹரால்ட் காங்க்லின் இதை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். தவிப்போடு கற்ற எழுத்து நண்பரே, அதனால்தான் நின்றது.

அந்தோன் போஸ்ட்மா என்ற டச்சுப் பாதிரியார் பின்னாளில் 'பமுட்போட்' என்று ஒரு குறி சேர்த்தார். நம் புள்ளியின் வேலையைச் செய்வது. ஆயிரக்கணக்கில் அம்பஹன்களைத் திரட்டிய பெரிய மனிதர் அவர். அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் கினாவ் பிலோக்கை நினைத்துப் பாருங்கள். மூங்கில் குழாய்களிலும் ஓரம் மடங்கிய பழைய நோட்டுகளிலும் அம்பஹன்களை எழுதி எழுதிச் சேர்த்தவர். 1993-இல் பிலிப்பைன்ஸ் அரசு அவருக்குத் தேசிய விருது கொடுத்தது. அவர் கையெழுத்தின் முன்னால் உட்கார்ந்து இந்தக் கேள்வியைக் கேட்க உங்களுக்கு நாக்கு எழாது.

தாத்தாவின் ஏட்டில் மூன்றாம் ஓலையில் ஒரு சொல். இரண்டு நாளாக அதிலேயே நிற்கிறேன். எழுத்தெல்லாம் தெளிவாகத்தான் இருக்கிறது. அவர் முனகிய ராகம்தான் எனக்கு வரவில்லை.