ரிட்டயர் ஆகாத சுபாவம்

கருவூலத்தில் 34 வருடம் கணக்குப் பார்த்து, மே மாதம் ஓய்வுபெற்றேன். பென்ஷன் வருகிறது, குறை ஒன்றுமில்லை. ஆனால் காலை பத்து மணியானால் இருப்புக்கொள்ளவில்லை. வேலையில் அலட்சியமாக இருந்த நண்பர் நிம்மதியாக இருக்கிறார். ஏன் ஐயா?
– வாசகர், ஈரோடு

உளவியலில் சுபாவத்தை ஐந்து கூறுகளாகப் பார்ப்பார்கள்: புதியதில் ஆர்வம், பொறுப்புணர்வு, கலகலப்பு, இணக்கம், மனக்கலக்கம். உங்களிடம் பொறுப்புணர்வு தூக்கல். பொதுவாக அது மகிழ்ச்சிக்குத் துணைதான். ஆனால் ஜெர்மனியில் 9,500-க்கும் மேற்பட்டோரின் நான்கு வருடத் தகவலை வைத்து 2010-ல் வெளியான ஆய்வில், வேலை இழந்தவர்களில் பொறுப்புணர்வு மிகுந்தவர்களின் வாழ்க்கைத் திருப்தியே அதிகம் சரிந்திருந்தது. வேலை போவதும் ஓய்வு பெறுவதும் ஒன்றல்ல, சரி. ஆனால் "இன்று எதை முடித்தேன்?" என்று தேடும் மனசுக்கு இரண்டிலும் பதில் கிடைப்பதில்லை.

என்னிடம் வந்த ஒரு பெரியவர், வீட்டு மளிகைச் சிட்டையைச் சிவப்பு மையில் தணிக்கை செய்து மனைவியிடம் கையெழுத்துக் கேட்பாராம். அந்த அம்மா அழுதுவிட்டார். இன்று அதே பேனாவோடு, வாரம் இரண்டு நாள் மகளிர் சுயஉதவிக் குழுக்களின் கணக்கு நோட்டைச் சரிபார்த்துத் தருகிறார். நாலு பேர் அவருக்காகக் காத்திருக்கிறார்கள். உங்களுக்கும் அப்படி, நாளும் நேரமும் குறித்த, அடுத்தவர் எதிர்பார்க்கிற வேலை வேண்டும். "சும்மா ரெஸ்ட் எடுங்கள்" என்பவர்களின் பேச்சு உங்களுக்குப் பொருந்தாது.

என் கணவர் ஓய்வுபெற்றபின் எங்கும் போவதில்லை. புத்தகம், செடி, ரேடியோ, அவ்வளவுதான். மன அழுத்தமோ?
– வாசகி, கும்பகோணம்

அவர் எப்போதுமே அமைதியானவர் என்றால் விட்டுவிடுங்கள் அம்மா. அவருக்கு இது விடுதலை. பிடித்த செடியையே கவனிக்காமல் போய், தூக்கமும் சாப்பாடும் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டால் மட்டும் டாக்டரிடம் காட்டுங்கள்.

எனக்கு எல்லாவற்றுக்கும் பதற்றம். ஓய்வு வயது 2020-ல் 59, 2021-ல் 60 ஆனபோது தப்பித்தேன் என்றிருந்தது. இன்னும் எட்டு மாதம்தான். இரவில் தூக்கமில்லை.
– அரசு ஊழியர், விருதுநகர்

பதற்ற சுபாவம் உள்ளவர்களுக்கு, ஓய்வு நாளைவிட அதற்கு முந்தைய மாதங்கள் கொடியவை. கற்பனைக்கு அப்போது எல்லையில்லை. அதனால் தெரிந்துகொள்ளக் கூடியதை இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். மாதம் கைக்கு வரப்போகும் தொகையை அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள். வீட்டுச் செலவை அதன் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். சேர்ந்த விடுப்பில் ஒரு வாரம் எடுத்து, ஊருக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்து பழகுங்கள். அந்த வாரத்தில் எந்த நேரம் கனக்கிறது என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் மதியம் மூன்று மணிதான். அந்த நேரத்துக்கு மட்டும் இப்போதே ஒரு துணை தேடிவையுங்கள்.

தூக்கமின்மைக்கு உதவி தேடுவதைத் தள்ளிப்போட வேண்டாம். அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண் 14416-ல் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. இன்று இரவே பேசுங்கள்.