அப்பாவுக்கு மட்டும் சிங்கப்பூர்

கேள்வி: எனக்கு வயது 32. பரமக்குடி அருகே ஒரு மெட்ரிக் பள்ளியில் எட்டு ஆண்டுகளாக இயற்பியல் ஆசிரியையாக இருக்கிறேன். சீனாவின் தென்கிழக்குக் கடற்கரையில் உள்ள ஷியாமென் நகரத்தில் ஒரு பன்னாட்டுப் பள்ளியில் வேலை கிடைத்திருக்கிறது. இரண்டு வருட ஒப்பந்தம். ஆகஸ்ட் கடைசியில் கிளம்ப வேண்டும். சம்பளம் இங்கே வாங்குவதைப் போல ஆறு மடங்கு. வீட்டுக் கடனை அடைத்துவிடலாம். விசாவுக்கு என்னென்ன சான்றிதழ்கள் வேண்டும்? குளிர் எப்படி இருக்கும்? அரிசிக் குக்கர், ஊறுகாய், கருவாடு கொண்டு போகலாமா? மொழி தெரியாமல் எப்படிச் சமாளிப்பது? தனிமையை எப்படித் தாங்குவது? பக்கத்து நகரமான சுவான்சௌவில் எழுநூறு ஆண்டுப் பழைய தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது என்று படித்ததிலிருந்து போயே ஆக வேண்டும் என்று இருக்கிறது. அப்பா ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். 2020-இல் எல்லையில் சீனப் படையோடு மோதல் நடந்த கல்வான் சம்பவத்துக்குப் பிறகு அவருக்குச் சீனா என்றாலே பயம். ரத்த அழுத்தம் வேறு இருப்பதால் சிங்கப்பூர் என்று சொல்லியிருக்கிறோம். அம்மாவுக்கும் தம்பிக்கும் உண்மை தெரியும். என்னை உங்கள் மகளாக நினைத்துப் பதில் சொல்லுங்கள். (கடிதம் சுருக்கப்பட்டுள்ளது.)

பதில்: மகளாக நினைக்கச் சொல்லிவிட்டாய். அதனால் ‘நீ’ என்றே எழுதுகிறேன், திட்டவும் போகிறேன்.

உன் கடிதம் நான்கு பக்கம். கேள்விகளுக்கு எண் போட்டிருக்கிறாய், அடிக்கோடு இழுத்திருக்கிறாய். கருவாட்டுக்கே ஆறு வரி ஒதுக்கியிருக்கிறாய். அப்பாவிடம் சொன்ன பொய்க்குக் கிடைத்தது மூன்று வரி. அதிலும் கேள்வி எதுவும் இல்லை. ‘சிங்கப்பூர் என்று சொல்லியிருக்கிறோம்.’ நானே சொன்னேன் என்று எழுத உனக்குக் கை வரவில்லை பார். அந்த ‘ஓம்’ விகுதிக்குள் மூன்று பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள். வீட்டில் நாலாவது ஆள் வெளித் திண்ணையில்.

வெளிநாடு போகிற பிள்ளைகள் வீட்டில் சொல்லும் பொய்களை நான் நிறையப் படித்துவிட்டேன். சம்பளத்தைக் கூட்டிச் சொல்வார்கள், வேலையின் பெயரை மாற்றிச் சொல்வார்கள், அறையில் எத்தனை பேர் என்பதைக் குறைத்துச் சொல்வார்கள். நாட்டையே மாற்றிச் சொன்னவர்களும் உண்டு. அவர்களில் ஒருவர்கூட அதை ஒரு வருடம் முழுதாகக் காப்பாற்றியதாக எனக்கு நினைவில்லை. உன்னுடையது ஆகஸ்ட் வரைக்குமே தாங்காது. ஏன் என்று சொல்கிறேன். நீ கேட்ட விசா கேள்விக்குப் பதிலும் அதிலேயே வந்துவிடும்.

சீனாவில் வேலை பார்க்க இசட் விசா வேண்டும். முதலில் அந்தப் பள்ளி உன் பெயரில் வேலை அனுமதி அறிவிப்புக் கடிதம் வாங்கி அனுப்ப வேண்டும். அதற்கு உன் பட்டச் சான்றிதழ், குறைந்தது இரண்டு வருட அனுபவச் சான்று, மருத்துவப் பரிசோதனை, குற்றப் பின்னணி இல்லை என்ற போலீஸ் சான்று எல்லாம் கேட்பார்கள். வெளிநாட்டுச் சான்றிதழ்களை ஏற்பதற்கான அப்போஸ்டில் உடன்படிக்கை சீனாவில் 2023 நவம்பரில் அமலுக்கு வந்துவிட்டது, ஒரே முத்திரை போதும் என்று யாராவது சொன்னால் நம்பி உட்காராதே. இந்தியா ஆட்சேபித்ததால் நமக்கும் அவர்களுக்கும் இடையில் அது செல்லாமல் இருக்கிறது. வெளியுறவு அமைச்சகச் சான்றுக்குப் பிறகு சீனத் தூதரகத்தின் சான்றும் வேண்டியிருக்கும். இப்போதைய நடைமுறையைத் தூதரகத்திலேயே கேட்டுவிடு. இதற்கெல்லாம் வாரக்கணக்கில் ஆகும்.

இந்தப் பட்டியலில் போலீஸ் சான்றைக் கவனித்தாயா? பாஸ்போர்ட் அலுவலகத்தில் விண்ணப்பிக்கும்போது எந்த நாட்டுக்கு என்று எழுதிக் கொடுக்க வேண்டும். விசாரணைக்கு உள்ளூர் ஸ்டேஷனிலிருந்து ஆள் வீட்டுக்கு வரலாம். நீ பள்ளியில் இருப்பாய். அம்மா அடுப்படியில் இருப்பார். கதவைத் திறப்பது ஓய்வு பெற்ற ஹவில்தார். “சார், உங்கள் பெண் சீனாவுக்குப் போகிறாராமே?” என்று காக்கிச் சட்டை போட்ட ஒருவர் கேட்கும் அந்த வாசலை ஒரு நிமிடம் நினைத்துப் பார். அடுப்படியில் நிற்கும் மனைவிக்கு அது முன்பே தெரியும் என்பதும் அடுத்த நொடியில் அவருக்குப் புரிந்துவிடும். ரத்த அழுத்தத்தைப் பற்றிக் கவலைப்பட்டவர்கள் நீங்கள்தானே?

சரி, யாரும் வரவில்லை, தப்பித்துவிட்டாய் என்றே வைத்துக்கொள்வோம். உன் பொய்க்கு ஒத்தாசை செய்யச் சில வசதிகள் இருப்பது எனக்கும் தெரிகிறது. சிங்கப்பூருக்கும் ஷியாமெனுக்கும் கடிகாரம் ஒன்று. இரண்டுமே நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். நீ போகும் வழியும் சிங்கப்பூராகவே இருக்கலாம். சாங்கி விமான நிலையத்தில் நின்று ஒரு படம் எடுத்து அனுப்பிவிட்டால் போயிற்று என்று தம்பி யோசனை சொல்லியிருப்பான். அதற்கு அடுத்த நாள் என்ன செய்வாய்? தினமும் காலையில் அப்பா உனக்குப் பூப்படம் போட்டு வணக்கம் அனுப்புவதாக எழுதியிருக்கிறாயே, அந்த வாட்ஸ்அப் சீனாவில் முடக்கப்பட்டிருக்கிறது. அங்கே எல்லாரும் புழங்குவது வீசாட். அதை இந்தியா 2020 ஜூன் 29-ஆம் தேதி, டிக்டாக் உள்பட 59 செயலிகளோடு சேர்த்துத் தடை செய்துவிட்டது. ஏன் அந்த ஜூன் மாதம் என்று உன் அப்பாவிடம் கேள். நாள், கிழமையோடு சொல்வார்.

இங்கேதான் உன்மேல் எனக்கு உண்மையான கோபம். ‘அவருக்குச் சீனா என்றாலே பயம்’ என்று எழுதியிருக்கிறாய். அதே கடிதத்தில் வேறொரு பக்கத்தில், கல்வானில் ஹவில்தார் பழனி இறந்த செய்தி வந்த அன்று அப்பா சாப்பிடவில்லை என்றும், சில நாள் கழித்துத் திருவாடானைப் பக்கம் கடுக்கலூர் வரை போய்விட்டு வந்து யாரிடமும் எதுவும் பேசவில்லை என்றும் நீயே எழுதியிருக்கிறாய். இதற்குப் பயம் என்றா பெயர்? தன் மாவட்டத்துக்காரர், தான் வகித்த அதே பதவியில் இருந்தவர், இருபது பேரில் ஒருவராக அந்தக் குளிரில் செத்துப் போனார். அவருக்காக ஒரு வேளை பட்டினி கிடந்த மனிதரைப் பயந்தவர் என்று முடித்துவிட்டாய். துக்கத்தைப் பயம் என்று பெயர் மாற்றிக்கொண்டால் பிள்ளைகளுக்கு வசதி. பயந்தவரிடம் மறைக்கலாம், அது அவர் நன்மைக்கு என்று சொல்லிக்கொள்ளலாம். துக்கப்படுகிறவர் எதிரே உட்கார்ந்து பேச வேண்டியிருக்கும்.

என் கொள்கையைச் சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னைத் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 32 வயதுப் பெண் வேலைக்குப் போக அப்பாவின் அனுமதி வேண்டும் என்று சொல்கிற ஆள் நான் இல்லை. அவர் கூடாது என்றாலும் நீ போகலாம். போ என்றுதான் நான் சொல்வேன். வீட்டுக் கடனை அடைக்கப் போகிறவளைத் தடுக்க யாருக்கு உரிமை? ஆனால் தன் பிள்ளை இன்று இரவு எந்த ஊரில் தலை சாய்க்கிறது என்று தெரிந்துகொள்ளும் பாத்தியதை பெற்றவருக்கு உண்டு. அதைப் பறிக்க உனக்கோ, உன் அம்மாவுக்கோ, டாக்டருக்கோ அதிகாரம் கிடையாது.

ஷியாமென் புயல் பாதை. 2016 செப்டம்பரில் மெராண்டி என்ற சூறாவளி நேராக அங்கேதான் கரை ஏறியது. ஊரில் மின்சாரமும் தண்ணீரும் நின்று போயின. நீ போய்ச் சேர்வது அதே பருவத்தில். சீனக் கடற்கரையில் புயல் என்று தொலைக்காட்சியில் செய்தி ஓடும். “நல்லவேளை, நம் பெண் சிங்கப்பூரில் இருக்கிறாள்” என்று அப்பா சொல்வார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் உன் அம்மா அப்போது முகத்தை எங்கே வைத்துக்கொள்வார்?

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். சீனாவுக்குள் நுழைந்து 30 நாளுக்குள் தங்கும் உரிமத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். அது கைக்கு வரும்வரை பாஸ்போர்ட் அவர்களிடம் இருக்கும். இசட் விசா பெரும்பாலும் ஒரே முறை நுழைவதற்கானது. ஆக, முதல் சில வாரங்களில் இங்கே ஏதாவது நேர்ந்தால் நீ நினைத்தவுடன் கிளம்பி வர முடியாது. ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் அப்பாவோ, சிங்கப்பூரிலிருந்து நாலு மணி நேரத்தில் வந்துவிடுவாள் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார். வராத மகளைப் பற்றி அவர் என்ன நினைப்பார் என்பதை நான் எழுதப் போவதில்லை. இரவு படுத்துக்கொண்டு நீயே யோசி.

உன் அம்மாவும் இந்தப் பத்திரிகையைப் படிப்பார் என்று எழுதியிருந்தாய். நல்லது. அம்மா, ‘அவருக்குத் தெரிய வேண்டாம், பிரஷர் ஏறும்’ என்பது நம் வீடுகளில் எல்லாரும் செய்கிற காரியம்தான். நானும் ஒரு காலத்தில் செய்தேன். மறைத்தது தெரிந்த அன்று ஏறிய பிரஷர், சொல்லியிருந்தால் ஏறியிருக்கக்கூடியதைவிடக் குறைவாக இல்லை. இவ்வளவு வருடம் சேர்ந்து வாழ்ந்த மனிதரைத் தன் வீட்டிலேயே விருந்தாளி ஆக்கிவிடாதீர்கள்.

எப்படிச் சொல்வது என்று கேட்பாய். ராத்திரி வேண்டாம், தூக்கம் போய்விடும். காலையில், மாத்திரை போட்டுச் சாப்பிட்ட பிறகு, நீ மட்டும் போய் உட்கார். தம்பியைத் துணைக்கு வைத்துக்கொள்ளாதே. சிங்கப்பூர் என்று சொன்னது பொய் என்பதிலிருந்து தொடங்கு, சம்பளத்தில் தொடங்காதே. பிறகு ஒப்பந்தத்தை அவர் கையில் கொடுத்துப் படிக்கச் சொல். வாழ்நாளெல்லாம் ஆணைத் தாளைப் படித்து அதன்படி நடந்தவர். உன் கண்ணில் படாத ஓட்டை அவர் கண்ணில் படும். ‘இயற்பியல் ஆசிரியை’ என்று அதில் தெளிவாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல். உன்னை ஆங்கிலப் பாடத்துக்கு மாற்றினால் சிக்கல். அதற்கான அனுமதியைப் பொதுவாக ஆங்கிலம் தாய்மொழியான நாட்டவருக்கே தருகிறார்கள். ‘முதலில் வணிக விசாவில் வாருங்கள், பிறகு மாற்றிக்கொள்ளலாம்’ என்று உன் ஏஜென்ட் சொன்னாராமே? அதையும் அப்பாவிடம் சொல். அனுமதி இல்லாமல் வேலை செய்தால் சீனச் சட்டப்படி 5,000 முதல் 20,000 யுவான் வரை அபராதம். மோசமான நிலையில் 5 முதல் 15 நாள் காவல். அந்த ஏஜென்டுக்குப் பதில் சொல்ல உன் வீட்டில் சரியான ஆள் அவர்தான்.

அவர் கோபப்படுவார். ஒரு வாரம் பேசாமலும் இருக்கலாம். இரு. பேசாமல் இருப்பவரோடு ஒரே வீட்டில் இருப்பதும் மகள் செய்ய வேண்டிய காரியம்தான். எழுநூறு வருடத்துக்கு முன் தமிழ் வணிகர்கள் அங்கே சிவன் கோயில் கட்டிக் கல்வெட்டு வைத்தார்கள் என்று அந்த வாரத்தில் கதை சொல்லிச் சமாதானப்படுத்தப் பார்க்காதே. 1281-ஆம் ஆண்டுக் கல் அது. இன்னும் சில மாதம் காத்திருக்கும். நேரில் சுவான்சௌ போய்ப் பார்த்துவிட்டு எழுது. அப்போது அவருக்கும் கேட்க ஆசையாக இருக்கும். இப்போதைய திட்டப்படி போனால் அதைக்கூட நீ அவரிடம் வாய் திறந்து சொல்ல முடியாது என்பது உனக்குத் தோன்றவே இல்லையா?

மற்றவை சுருக்கமாக. கருவாடு வேண்டாம்.  போகிறது கடலோர ஊர். அங்கே எட்டாம் சந்தையில் கருவாடு குவிந்து கிடக்கும். குக்கர் வேண்டாம், உலகத்துக்கே குக்கர் செய்து அனுப்பும் நாடு அது. புளியும் சாம்பார்ப் பொடியும் போதும். இறைச்சி, பால் பொருள், பழம், விதை எதையும் எடுத்துப் போகாதே, சுங்கத்தில் பறித்துக்கொள்வார்கள். குளிர் ஜனவரியில் பத்து டிகிரி அளவுக்கு இறங்கும், அவ்வளவுதான். ஆனால் வீடுகளில் வெப்பமூட்டி இருக்காது, ஒரு நல்ல ஸ்வெட்டர் எடுத்துக்கொள். போய் இறங்கிய 24 மணி நேரத்துக்குள் போலீஸில் முகவரி பதிய வேண்டும், மறக்காதே. மொழிக்கு, ஒன்று முதல் பத்து வரை எண்ணவும், ‘காரம் வேண்டும்’ என்று கேட்கவும் கற்றுக்கொண்டு போ, மற்றதை அந்த ஊர் கற்றுத் தரும்.

தனிமையை எப்படித் தாங்குவது என்பது உன் ஐந்தாவது கேள்வி. ராமநாதபுரத்து வெயிலில் பிறந்து, மொழி தெரியாத வடக்கில், பனியில், பெண்டாட்டி பிள்ளைகளை இங்கே விட்டுவிட்டு, கடிதத்துக்குக் காத்திருந்தே பல வருடத்தைக் கழித்த ஒருவர் உன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். அதை என்னிடம் ஏன் கேட்கிறாய்?