கீட்ஸின் கோளும் கடலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கிரேக்கக் கவிஞர் ஹோமரின் காவியங்களுக்குச் சாப்மன் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பைப் படித்துவிட்டு ஆங்கிலக் கவிஞர் கீட்ஸ் எழுதிய சானெட் (பதினான்கு வரிக் கவிதை) எங்களுக்குப் பாடம். பொன் நாடுகள் என்றால் நூல்கள், புதிய கோள் என்றால் ஹோமர், பசிபிக் கடலும் ஹோமர் என்று குறிப்பு கொடுத்தார்கள். ஒரே விஷயத்துக்கு எதற்கு இத்தனை? ஸ்பானியப் படைத்தலைவர் கோர்டெஸ் அந்தக் கடலைப் பார்த்து நிற்பதாகக் கவிதையில் வருகிறது. அதைக் கண்டது கோர்டெஸ் அல்ல, இன்னொரு ஸ்பானியரான பல்போவா என்பதும் உறுத்துகிறது.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

இதற்கு இது என்று சமன் போட்டால் எல்லாம் ஒன்றாகத்தான் தெரியும். குறிப்பில் தப்பில்லை, ஆனால் கவிதை அங்கே இல்லை. ஒவ்வொரு இடத்திலும் பார்க்கிறவன் என்ன செய்கிறான் என்று கவனியுங்கள்.

முதல் எட்டு வரிகளில் கீட்ஸ் பயணி. நாடு நாடாக, தீவு தீவாக அலைகிறார். ஒன்பதாம் வரியிலிருந்து அலைச்சல் இல்லை. வானத்தைப் பார்ப்பவன் இருந்த இடத்திலேயே இருக்கிறான், கோள்தான் நீந்தி அவன் பார்வைக்குள் வருகிறது. அப்புறம் கோர்டெஸ். பனாமா பகுதியின் டேரியன் மலையுச்சியில் கடலைப் பார்த்தபடி வெறுமனே நிற்கிறான். எட்டாம் வரியில் சாப்மனின் உரத்த, துணிந்த குரல் கேட்கிறது. பதினான்காம் வரி மௌனத்தில் தொடங்குகிறது. படிப்பு ஒருவனை என்ன செய்யும் என்பதை இந்த நகர்வுதான் சொல்கிறது. 1816 அக்டோபரில், 21 வயதுகூட நிறையாத கீட்ஸ், நண்பர் கிளார்க்குடன் இரவெல்லாம் சாப்மனைப் படித்துவிட்டு விடியலில் வீடு திரும்பினார். காலை பத்து மணிக்குக் கவிதை கிளார்க்கின் மேசையில் இருந்தது!

சரி, கோர்டெஸ். 1513இல் அந்தக் கடலை அங்கிருந்து பார்த்த ஐரோப்பியர் பல்போவாதான். அது வரலாற்றுப் பிழை, மழுப்ப வேண்டியதில்லை. ஆனால் கவிதை முதலில் கண்டவரைப் பற்றியது அல்ல. கீட்ஸுக்கு கிரேக்கம் தெரியாது. ஹோமரை ஏற்கெனவே எத்தனையோ பேர் படித்திருந்தார்கள். அந்தக் கோள் வரியில் வானியலாளர் ஹெர்ஷல் 1781இல் கண்டுபிடித்த யுரேனஸின் நினைவு இருப்பதாகச் சொல்வார்கள். அதையும் 1690இலேயே பிளாம்ஸ்டீட் என்ற வானியலாளர் விண்மீன் என்று நினைத்துக் குறித்துவைத்திருந்தார். பசிபிக் கரையில் மக்கள் காலங்காலமாக வாழ்ந்தார்கள். எப்போதும் இருந்த ஒன்று தனக்கு முதல்முறையாகத் தெரிவதுதான் இங்கே கண்டுபிடிப்பு. தாமதமாக வந்தவனுக்கும் அந்த மலைப்பு முழுசாகக் கிடைக்கிறது.

எனக்கு உறுத்துவது வேறு. கோர்டெஸ் மெக்சிகோவை அழித்தவர். அவர் வந்தபின் முதல் வரியின் பொன்னைப் பழைய மாதிரி வாசிக்க முடியவில்லை. பல்போவா என்று பெயரை மாற்றினாலும் இது தீராது. அவரும் பொன் தேடிப் போனவர்தான்.