கேஸ் கீசர் வாங்கும் முன் எங்கே மாட்டுவது என்று பாருங்கள்

கேள்வி: வீட்டில் மூன்று பேர். கேஸ் கீசர் வாங்கலாம் என்று இருக்கிறேன். எந்த கம்பெனி நல்லது, 6 லிட்டர் போதுமா, பாத்ரூமுக்குள்ளேயே மாட்டிவிடலாமா?

கடைசியாகக் கேட்டதற்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். பாத்ரூமுக்குள் மாட்டாதீர்கள்.

நாங்கள் இருப்பது குன்னூர். மழைக்காலத்தில் கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று சொல்ல முடியாது. அதனால்தான் கேஸ் கீசருக்குப் போனோம். மாட்ட வந்தவர் பாத்ரூமுக்குள் நுழைந்து நேராகக் குழாய்க்கு மேலே துளை போட ஆரம்பித்தார். "உள்ளேயா?" என்று கேட்டேன். "எல்லார் வீட்லயும் இப்படித்தான் சார்." சரி என்று விட்டுவிட்டேன்.

ஒரு மாதம் போயிருக்கும். டிசம்பர் குளிருக்கு ஜன்னலைச் சாத்திக்கொண்டு தலைக்குக் குளித்த அம்மா, வெளியே வந்ததும் கட்டிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "தலை சுத்துதுடா, வாந்தி வர்ற மாதிரி இருக்கு." பிரஷராக இருக்கும் என்று நினைத்தோம். அடுத்த வாரம் எனக்கே கால் தளர்ந்து, கதவின் தாழ்ப்பாளைத் தடவித் தடவித் திறந்தபோதுதான் புத்தியில் உறைத்தது.

6 லிட்டர் கீசர் ஒன்று எரிவது, சமையல் அடுப்பில் நாலைந்து பர்னரை ஒன்றாக முழுசாகத் திறந்துவிட்ட மாதிரி. அதை ஆறடிக்கு நாலடி அறையில், கதவு ஜன்னல் சாத்தி எரித்தால் ஆக்சிஜன் மளமளவென்று குறையும். கேஸ் சரியாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு வரும். சிலிண்டர் கேஸ் கசிந்தால் நாற்றம் காட்டிக்கொடுக்கும், ஏனென்றால் அதற்கென்றே வாசனைப் பொருள் கலக்கிறார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கிறதே என்பார்கள். வெளிக்காற்று உள்ளே வர வழி இல்லாவிட்டால் அது சுற்றி என்ன பயன்?

இப்போது எங்கள் கீசர் பின்பக்கச் சுவரில், துவைக்கிற கல்லுக்கு மேலே, சன்ஷேடுக்கு அடியில் தொங்குகிறது. சுவரைத் துளைத்து வெந்நீர்க் குழாயை உள்ளே விட்டோம். முதல் ஒன்றிரண்டு மக் பச்சைத்தண்ணீராக வரும், அவ்வளவுதான். உங்கள் வீட்டில் இப்படி வெளிச்சுவர் கிடைக்காவிட்டால் கரண்ட் கீசரே வாங்குங்கள் என்பேன்.

லிட்டர் கணக்கில் ஒரு சூட்சுமம் உண்டு. அட்டையில் போட்டிருக்கும் 6 லிட்டர் என்பது வழக்கமாக, நிமிடத்துக்கு 6 லிட்டர் தண்ணீரை 25 டிகிரி கூடுதலாகச் சுடவைக்கும் என்று அர்த்தம். சமவெளியில் 25 டிகிரியில் வரும் தண்ணீருக்கு அது தாராளம். இங்கே குளிர்காலத்தில் 12 டிகிரியில் வரும் தண்ணீரை 42-க்குக் கொண்டுபோக வேண்டும். 5 லிட்டர்தான் கிடைக்கும். பக்கெட்டில் பிடித்துக் குளிக்கும் வீட்டுக்கு அதுவே போதும். ஒரே நேரத்தில் இரண்டு ஷவர் ஓடினால்தான் 10 லிட்டரைப் பற்றி யோசிக்க வேண்டும்.

இதைவிட முக்கியம் டேங்க் உயரம். தண்ணீரின் அழுத்தம்தான் உள்ளே டயாஃப்ரம் என்ற ரப்பர் சவ்வைத் தள்ளி, சுவிட்சைத் தட்டி, 'டக் டக் டக்' என்று பொறி வரவைக்கிறது. மொட்டைமாடியில் தரையோடு தரையாக சின்டெக்ஸ் இருந்தால் பல மாடல்கள் பற்றவே பற்றாது. எங்களுக்கும் அதுதான் நடந்தது. செங்கல் கட்டி டேங்கை நாலடி தூக்கிய பிறகுதான் மூச்சுவிட்டது. வாங்குமுன் குறைந்தபட்சம் எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்று அட்டையில் பாருங்கள். 10 அடி உயரத்துக்கு ஏறக்குறைய 0.3 பார் என்று கணக்கு.

செலவு? 15 லிட்டர் பக்கெட்டை 30 டிகிரி சூடாக்கச் சுமார் 50 கிராம் கேஸ். 14.2 கிலோ சிலிண்டருக்கு 280 பக்கெட் பக்கம் வரும். அதே பக்கெட்டுக்குக் கரண்ட் அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே. உங்கள் பில்லை வைத்து நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

கம்பெனி பெயரில் எனக்குப் பெரிய அபிப்பிராயம் இல்லை. ஐ.எஸ். 15558 என்ற எண்ணோடு ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா, தீ அணைந்தால் கேஸைத் தானே நிறுத்துமா, உங்கள் ஊரில் சர்வீஸ் ஆள் உண்டா, இந்த மூன்றும் போதும். அடுப்பு ட்யூபில் 'டி' போட்டுப் பிரிக்காதீர்கள். தனி சிலிண்டர், வீட்டுக்கான சாதா ரெகுலேட்டர், ஐ.எஸ்.ஐ. ட்யூப். போர் தண்ணீராக இருந்தால் உள்ளே செப்புச் சுருளில் உப்பு படியும், வருஷத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்யச் சொல்லுங்கள். தீ நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிந்தால் அன்றைக்கே நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

பொறி வரவைக்கப் பேட்டரி இரண்டு, பெரிய டார்ச் சைஸ். ஈரத்தில் பச்சை பூத்துவிடும், கையிருப்பில் ஒரு ஜோடி வைத்துக்கொள்ளுங்கள். பல கீசர்கள் 20 நிமிடம் ஓடினால் தானாகவே அணைந்துவிடும். ரிப்பேர் என்று நினைத்துவிடாதீர்கள். குழாயை மூடித் திறந்தால் திரும்பப் பற்றும். தலைக்குச் சீயக்காய் தேய்க்கிற நாளில் அம்மா மட்டும் இன்னும் அதைத் திட்டிக்கொண்டுதான் இருக்கிறார்.