நம் வலி மாத்திரையை நாய்க்குக் கொடுக்கலாமா?

கேள்வி: எங்கள் லேப்ரடாருக்கு 10 வயது, எடை 30 கிலோ. இடுப்பு வலியால் எழுந்திருக்கவே சிரமப்பட்டான். அம்மா மூட்டு வலிக்குப் போடும் டைக்ளோஃபெனாக் மாத்திரையை தினம் ஒன்று கொடுத்தோம். நன்றாக நடந்தான். ஆனால் நேற்றிலிருந்து சாப்பாட்டைத் தொடவில்லை, வாந்தி எடுக்கிறான், மலம் தார் மாதிரி கறுப்பாகப் போகிறது. வயிற்றுக்கு ஏதாவது மருந்து சொல்லுங்கள் டாக்டர்.
- வாசகி, திருச்சி

பதில்: மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி உங்களுக்குத் தனியாகத் தகவல் அனுப்பிவிட்டோம். இதே தவறைப் பலரும் செய்வதால் இங்கேயும் சொல்கிறேன்.

தார் மாதிரிக் கறுப்பு என்றால், இரைப்பையிலோ சிறுகுடலின் தொடக்கத்திலோ கசிந்த ரத்தம் செரித்து வெளியே வருகிறது என்று அர்த்தம். ஈரல் போட்டாலும் இரும்புச்சத்து டானிக் கொடுத்தாலும்கூட மலம் கறுக்கும். சந்தேகமாக இருந்தால் துளி மலத்தை வெள்ளை டிஷ்யூ பேப்பரில் வைத்து ஈரமாக்குங்கள், ஓரத்தில் செம்பழுப்பாகப் பரவினால் பெரும்பாலும் ரத்தம்தான். உதட்டைத் தூக்கி ஈறையும் பாருங்கள். வெளுத்திருந்தாலோ, வயிறு இறுகி, தொட்டாலே கத்தினாலோ நடுராத்திரி ஆனாலும் கிளம்புங்கள், மாத்திரையால் இரைப்பையில் வந்த புண் ஓட்டையாகியிருக்கலாம்.

உடம்பில் வலியைத் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின் என்ற ரசாயனம்தான் இரைப்பையின் உள்சுவரில் சளியைச் சுரக்கவைத்து அமிலத்திடமிருந்து காப்பாற்றுகிறது. மாத்திரை இரண்டையும் சேர்த்தே நிறுத்திவிடுகிறது. அது நமக்கும்தான், ஆனால் நாயின் உடம்பு இந்த மருந்துகளைக் கையாளும் விதம் வேறு. நாப்ராக்சன் என்ற இன்னொரு வலி மாத்திரை நம் ரத்தத்தில் சுமார் 15 மணி நேரத்தில் பாதியாகிவிடும், நாய்க்கு மூன்று நாள் பிடிக்கும். 'குழந்தை டோஸ்தானே கொடுத்தேன்' என்று ஐபுபுரூஃபன் கொடுப்பவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அரிப்புக்காக ஏற்கெனவே பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு ஓடிக்கொண்டிருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். இரண்டும் சேர்ந்தால் குடல் ஓட்டையாகும் ஆபத்து பல மடங்கு ஏறும். டாக்டர் அமிலத்தைக் குறைக்கும் ஒமிப்ரசோல், புண்ணை மூடிக் காக்கும் சுக்ரால்ஃபேட் என்று கொடுப்பார், தேவைப்பட்டால் டிரிப்ஸ், ரத்தம் ஏற்றுவது, ஸ்கேன். நீங்களாக ஆன்டாசிட் கொடுத்து நாளைக் கடத்தாதீர்கள்.

சரி, இடுப்பு வலிக்கு என்னதான் வழி? புண் ஆறியபிறகு, கல்லீரல், சிறுநீரக ரத்தப் பரிசோதனை பார்த்து, நாய்களுக்கென்று உள்ள மெலாக்சிகாம், கார்புரோஃபென், ஃபிரோகாக்சிப் போன்றவற்றில் ஒன்றை டாக்டர் யோசிப்பார். மெலாக்சிகாம் முதல் நாள் கிலோவுக்கு 0.2 மி.கி., அப்புறம் 0.1. உங்கள் நாய்க்கு தினம் 3 மி.கி. மெடிக்கல் ஷாப்பில் நமக்குக் கிடைக்கும் மாத்திரையோ 7.5, 15 மி.கி., அதனால் அதை உடைத்துக் கொடுக்கும் யோசனையே வேண்டாம். எடை குறைப்பதும் வழுக்கும் டைல்ஸ் தரையில் பாய் விரிப்பதும் இப்போதே தொடங்கலாம். டாக்டரிடம் போகும்போது அந்த டைக்ளோஃபெனாக் அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள், எத்தனை மி.கி. என்று அவர் கேட்பார்.